நூற்று நான்காம் அதிகாரம்

சிகரெட்டை விட்டதில்
நாளுக்கு ஒன்பது இடைவெளி மிச்சம்.
குளுவாங் டாக்டர் நெஞ்சுப் படத்தைக் காட்டினார்.
கைக்கு என்ன கொடுப்பதென்று சொல்லவில்லை.

பாலோவில், செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
ஏழு நிமிடம், சில நாள் இருபது.
இழுப்பறையில், ரப்பர் முத்திரைகளுக்கு அடியில்
கல்யாணத்தன்று சபை கொடுத்த பைபிள்.
இருபத்திரண்டு வருடமாக
அதற்குள் நான் வைத்து எடுத்தது
அடகுச் சீட்டு மட்டும்.

மாற்குவில் தொடங்கு, சின்னது என்றார்கள்.
நடுவில் ஏறிப் பழக்கமில்லை எனக்கு.
முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினேன்.

தாள் அவ்வளவு மெல்லிசு.
முதல் வாரம் விரல்கள் அதைச்
சுருட்டத்தான் பார்த்தன.

ஆறாம் வகுப்புத் தமிழ்.
வாயசைத்துத்தான் வாசிப்பேன்.
கண்ணாடிக்கு வெளியே நிற்கும் டிரைவர்கள்
யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்தார்கள்.

பெயர்ப் பட்டியல்கள் பயமுறுத்தவில்லை.
இவனுக்கு அவன் பிறந்தான்,
இத்தனை வருடம் இருந்தான், செத்தான்.
என் பேரேடும் அப்படித்தான்:
லோரி எண், ஆள் பெயர்,
உள்ளே வந்த எடை, வெளியே போன எடை.
ஒருவனுக்குத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வயது என்றபோது மட்டும்
தராசை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக்
கை துடித்தது.

படித்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு சிவப்புக் கோடு.
குலை கொட்டோ கொட்டென்று வந்த வாரத்தில்
நான்கு கட்டம் வெள்ளையாய்ப் போயிற்று.
ஐந்தாம் நாள் இழுப்பறையைத் திறக்க வெட்கம்,
கடன் கொடுத்தவன் வீட்டுத் தெருவைச்
சுற்றிப் போகிறவனைப் போல.
புத்தகம் எதுவும் கேட்கவில்லை.
விட்ட இடத்திலேயே நின்றிருந்தது ஆடு,
அறுபடக் காத்துக்கொண்டு.

யோஹானஸ், ஃபுளோரஸ்காரன்,
ரசீது வாங்கக் கை நீட்டியவன் எட்டிப் பார்த்தான்.
'ஆயுப் வரைக்கும் வந்தாச்சா?' மலாயில் கேட்டான்.
எந்த ஆயுப்?
'எல்லாம் போன பிறகும் வாயை மூடாதவன்.'
கியர் போட்டுப் போய்விட்டான்.
அட்டவணையில் தேடினேன். அப்படி ஆளே இல்லை.
மூன்று நாள் கழித்து, பல் விளக்கும்போது,
யோபு என்று புரிந்தது.
இன்னும் முந்நூற்றுச் சொச்சம் அதிகாரம் தள்ளி.
தாண்டிக் குதிக்கவில்லை.
ஆனால் அவன் அங்கே இருக்கிறான் என்பது
தூரத்து ஸ்டேஷன் விளக்குபோல் இருந்தது.

டிசம்பர். மழை நிற்கவே இல்லை.
லோரிகள் சேற்றையும் சேர்த்து எடை காட்டின.
நூற்று நான்காம் அதிகாரத்தில்
வீட்டுச் சுவரில் பச்சையாய், சிவப்பாய்ப்
பூக்கிற ஒன்றைப் பற்றி வந்தது.
வீட்டுக்காரன் போய்ச் சொன்னால் போதுமாம்.
ஆசாரியனே நடந்து வந்து பார்ப்பானாம்,
பூட்டிவைத்து ஏழு நாள் கழித்துத்
திரும்பவும் வருவானாம்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
எங்கள் லயத்து அடுக்களைச் சுவர்!
ஆகஸ்டிலிருந்து மூன்று மனு கொடுத்தாயிற்று.
அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார் மேனேஜர்.
ஓர் ஈரச் சுவருக்காக
கடவுள் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்.
பின்னால் லோரி ஹார்ன் அடித்தது.
அடிக்கட்டும் என்று
அந்தப் பத்தியை இன்னொரு முறை வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து,
குலை வெட்டும் உளியால் சுவரைச் சுரண்டினேன்.
காரை பொடிப்பொடியாய் விழுந்தது.
வாளியைப் பிடித்திருந்தாள் பூரணம்.
'இப்படிச் செய்ய யார் சொன்னது?'
'லேவியராகமம்.'
'அது யாரு, புது மேனேஜரா?'

பூசிய சுண்ணாம்பு காய
நான்கு நாள் பிடித்தது.
ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மூலையில், ஐந்து காசு அளவுக்கு, பச்சை.

திரும்ப வந்தால் என்ன செய்வதென்றும்
அதிலேயே எழுதியிருக்கிறது.
வீட்டை இடிக்கச் சொல்கிறது.

அதை மட்டும் இன்னும்
பூரணத்திடம் சொல்லவில்லை.